செவ்வாய்க்கிழமை எதையும் வெளியே கொடுப்பதில்லை

இங்கே விடுதியில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: பயணம் எப்படி இருந்தது, ரொம்ப நீளமா? நீளம்தான். பெங்களூரிலிருந்து வளைகுடாவில் ஓர் ஊர், அங்கே இரும்பு நாற்காலியில் சுருண்டு கிடந்த பொழுது, பிறகு ஜெர்மனி, பிறகு ரயில் மாறி ரயில், பெட்டியின் ஒரு சக்கரம் கழன்றுபோய் அதை நாய்க்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். கால் இரண்டும் வீங்கிவிட்டன. ஆனால் அதெல்லாம் ஒரு தூரமா? உட்காரச் சீட்டு கொடுத்து, சாப்பாடு போட்டு, போர்வையும் கொடுத்தல்லவா கூட்டிக்கொண்டு வந்தார்கள்! எனக்கு மூச்சு முட்டிய தூரம் வேறு. எங்கள் தெருவின் தென்கோடியில் எங்கள் வீடு, வடகோடியில் பெரியப்பா வீடு. கூப்பிட்டால் கேட்கும். அந்தத் தெருவைத் தாண்டியதுதான் என் பயணம், மிச்சமெல்லாம் சும்மா உட்கார்ந்து வந்தது.

எங்கள் ஊர் தளியைத் தாண்டி, ஜவளகிரிக்குப் போகும் வழியில் காட்டோரமாக இருக்கிறது. அப்பாவுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் வேலை. ஷிப்ட் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ராகிக் கொல்லையும் தக்காளித் தோட்டமும் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. பேச்சு மட்டும் பெரியப்பாவுக்கே சொந்தம். அவர் எதிரில் அப்பா இன்றுவரை நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. தூணில் சாய்ந்து நின்றுகொண்டு, "சரிண்ணா" என்பார். அதைக் கேட்டுக் கேட்டே எனக்குக் கோபம் வளர்ந்தது என்று நினைக்கிறேன்.

நான் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் எஞ்சினியரிங் படிக்கிறேன். அங்கிருந்து ஒரு செமஸ்டர் ஜெர்மனியில் படிக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரியப்பா ஒருநாளும் போகாதே என்று சொல்லவில்லை. அது அவர் பழக்கமே கிடையாது. நான் ஹாஸ்டலில் சேர்ந்தபோதும், ஸ்கூட்டி ஓட்டப் பழகியபோதும், அவர் வாயைத் திறந்து மறுக்கவில்லை. பஞ்சாங்கத்தைத்தான் திறந்தார். வேண்டாததற்கெல்லாம் அதில் நாள் சரியிருக்காது.

விமானம் செவ்வாய்க்கிழமை என்று தெரிந்ததும் மறுபடியும் அதைத் திறந்தார்.

"செவ்வாக்கெழம வடக்க சூலம். அன்னிக்கி பொறப்படலாமா? நாளத் தள்ளிப் போடு."

"ஜெர்மனி மேற்க இக்குது பெரியப்பா."

"மொதல்ல பெங்களூரு போவியா, ஜெர்மனி போவியா? பெங்களூரு எந்தப் பக்கம்?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வியாழக்கிழமைக்குள் ஜெர்மனிக் கல்லூரியில் நேரில் போய்ப் பதிவு செய்யாவிட்டால் என் இடம் போய்விடும். இதை அவருக்குப் பலமுறை சொல்லியாகிவிட்டது. அவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நாளைத் தள்ளச் சொன்னார்.

அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். பரஸ்தானம் வைப்போம் என்றாள். கிளம்பும் நாள் சரியில்லை என்றால், நல்ல நாளில் நல்ல நேரத்தில் நம் பொருள் ஒன்றைக் கொண்டுபோய்ப் போகிற திசையில் இன்னொரு வீட்டில் வைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த நேரத்திலேயே நாம் புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. பிறகு கெட்ட நாளில் போனாலும் தோஷம் இல்லை. வைத்த பொருளைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, எடுத்துக்கொண்டு அப்படியே போய்விட வேண்டும்.

"நல்ல யோசன. எங்கூட்லயே வெய்யி, வடக்குதான்" என்றார் பெரியப்பா. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாரே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வழக்கமாக ஒரு துண்டு, ஒரு தேங்காய், மிஞ்சினால் ஒரு புடவை வைப்பார்கள். திங்கட்கிழமை காலை அம்மா என் தோள்பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"உள்ள என்னம்மா வெச்ச?"

"பாஸ்போர்ட்டு, விசா, அந்தக் காலேஜு பேப்பரு எல்லாந்தான். துணிய வெச்சா துணிதான் பொறப்படும். பாஸ்போர்ட்ட வெச்சா நீயே பொறப்பட்ட மாரிடி! உள்ள பாஸ்போர்ட்டு இக்குது, பத்தரம்னு ஒங்க பெரியப்பாகிட்டயும் சொல்லிட்டு வந்தன்."

அட கடவுளே! தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போய் எடுத்து வருகிறேன் என்று எழுந்தால் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பரஸ்தானம் திரும்பினால் போகிறவளுக்கே ஆகாதாம். அன்று அவள் அழுகைக்காக விட்டேன்.

செவ்வாய் காலை அப்பா வாடகைக் கார் பேசத் தளிக்குப் போயிருந்தார். கார் வரும்வரை மனசு பொறுக்காமல் நான் வடகோடிக்குப் போனேன். பெரியப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பை எடுத்துக்கலாம்னு வந்தேன் பெரியப்பா."

"இன்னிக்கி செவ்வா. செவ்வா, வெள்ளி ஊட்லருந்து எதயும் வெளிய குடுக்கறதில்லம்மா. ஒனக்குத் தெரியாததா? நாளைக்கி வந்து வாங்கிக்கோ."

குரல் ஏறவில்லை. பாசமாகத்தான் சொன்னார். அதுதான் என்னைக் கொளுத்தியது. உப்புக் கேட்டு வந்தவளிடம் சொல்வதுபோல, என் படிப்பை, என் ஆறு மாதத்தை, நாளைக்கு வா என்கிறார்! எந்தக் கதவை அடைத்தாலும் நோகாமல் அடைக்கும் மனிதர். என் வாழ்க்கையில் அவரை அந்த நிமிடம் வெறுத்ததுபோல யாரையும் வெறுத்ததில்லை.

"பை என்னுது பெரியப்பா."

"ஒன்னுதுதான். யாரு இல்லன்னா? ஊடு என்னுது."

"நாளைக்கி பிளேன் இல்ல."

"அடுத்த வருசம் இக்கும். படிப்பு எங்க ஓடிப்போவுது? பொம்பளப்புள்ள எதுக்கு இந்த அவசரம்?"

ஆ, கடைசியில் வந்துவிட்டது! பஞ்சாங்கத்துக்கு அடியில் இவ்வளவு நாள் ஒளிந்திருந்தது அந்த ஒரு சொல்தான். அதைக் கேட்டதும் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"பரஸ்தானம் வெச்சா பொறப்பட்ட மாரின்னு நீங்களும்தான ஒத்துக்கினீங்க? அப்ப நான் நேத்தே பொறப்பட்டாச்சி. இப்ப பாதி வழில நிக்கறேன். வழில போறவள மறிக்கறது மட்டும் பஞ்சாங்கத்துல இக்குதா பெரியப்பா?"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தண்ணீர்க் குழாயில் நின்றவர்கள் குடத்தோடு திரும்பினார்கள். ஒருவர் கன்னடத்தில் என்ன விஷயம் என்று கேட்க, இன்னொருவர் தெலுங்கில் பதில் சொன்னார். பெரியப்பா எழுந்து வாசற்படியில் காலை அகட்டி நின்றார்.

"வாய அடக்கு. குடுக்க முடியாதுன்னா முடியாது."

"நீங்க குடுக்க வேணாம். நானே எடுத்துக்கறேன்."

சந்து வழியாகச் சுற்றிப்போய் மாட்டுக்கொட்டகைப் பக்கமிருந்த பின்வாசலில் நுழைந்தேன். அடுப்படியில் பெரியம்மா ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். தடுக்கவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. கிண்டுவதை மட்டும் இன்னும் வேகமாகக் கிண்டினாள். சாமி அலமாரிக்குக் கீழே பை இருந்தது. மேலே ஒரு பூ வைத்திருந்தார்கள். ஜிப்பைத் திறந்து பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

வந்த வழியே போயிருக்கலாம். மனசு வரவில்லை. திருடியா நான்? நேராக நடுவீட்டைக் கடந்து முன்வாசலுக்கு வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"நவுருங்க பெரியப்பா."

திரும்பியவர் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அதுதான் அவர் கையைத் தளர்த்தியது என்று நினைக்கிறேன், என் மேல் இரக்கம் எல்லாம் இல்லை.

"படியத் தாண்டிப் போனீன்னா இந்த ஊட்டுப் பொண்ணில்ல நீ."

"செமஸ்டர் முடிஞ்சி வந்து பேசிக்கலாம் பெரியப்பா" என்றேன். படியைத் தாண்டினேன்.

பையோடு வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்பதால் நேராகப் பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்றேன். அம்மாவுக்கு போன் செய்து பெட்டியை அங்கேயே அனுப்பச் சொன்னேன். ரப்பர் செருப்பு, எண்ணெய் வழிந்த தலை, வீட்டில் போடும் சுடிதார். ஜெர்மனிக்கு அந்தக் கோலத்தில்தான் வந்து இறங்கினேன். கூச்சமெல்லாம் படவில்லை.

கார் வந்தது. அம்மா பெட்டியை ஏற்றிவிட்டு, என் கன்னத்தை வழித்து முத்தமிட்டுவிட்டு, அழுதுகொண்டே நின்றுவிட்டாள். யாராவது ஒருவர் போய்ப் பெரியப்பாவைச் சமாதானப்படுத்த வேண்டும் என்றாள். நானும் அப்பாவும் பின்சீட்டில் உட்கார்ந்தோம். நடந்தது எல்லாம் அப்பா காதுக்கு எட்டியிருந்தது. ஓசூர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எந்த நிமிடமும் வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவாரோ என்று பையை மடியில் இறுக்கிக்கொண்டு வந்தேன்.

அத்திப்பள்ளியில் டோல்கேட்டுக்கு முன்னால் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றது. அப்போது அப்பாவின் போன் அடித்தது. பெரியப்பா. சத்தமாகப் பேசுகிறவர் என்பதால் எனக்கே கேட்டது. "எங்க இக்கற? அவளத் திருப்பிக் கூட்டினு வா. நா சொல்றன், வண்டியத் திருப்பு."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ பிளேன் ஏறிட்டாண்ணா" என்றார். "பிளேனும் கெளம்பிடிச்சி."

பக்கத்து லாரி ஹாரன் அடித்தது. சட்டென்று போனை உள்ளங்கையால் பொத்தினார். பிறகு அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். காலையிலிருந்து வராத அழுகை.

அப்பா டிரைவரின் தோளைத் தட்டினார்.

"கொஞ்சம் வெரசா ஓட்டுப்பா. எங்கண்ணங்கிட்ட நான் இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல."