பூட்ஸ் சத்தத்துக்கு மூடிய வாய்

கொட்டகலை முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த பூரணிக்கு ஒரு பொல்லாத குணம். எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். மேட்ரன் நாகலெட்சுமிக்கு அது தீராத தலைவலி. ஆனால் ராக்காயியைக் காப்பாற்றியது அந்தக் குணந்தான்.

ராக்காயி தேயிலை மலையில் கொழுந்து பறித்தே காலத்தைக் கழித்தவள். மறதி நோய் முற்றி, பெற்ற மகன் பேர்கூட நினைவில் இல்லை. பல் விளக்கிவிடப் பூரணி பிரஷ்ஷோடு போனால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். வற்புறுத்தினால் கடிதான். வாயில் நாற்றம் கிளம்பியது, பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. இப்படியே போனால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்று மேட்ரன் சொல்லிவிட்டார். அப்படிப் போன யாரும் திரும்பி வந்து பூரணி பார்த்ததில்லை.

ஆனாலும் ஒன்று அவள் மனதைக் குடைந்தது. பக்கத்துக் கட்டில் வீரம்மா தண்ணீர் கொடுத்தால் அதே வாய் திறக்கிறது. பூரணி வந்தால் மட்டும், முகத்தைப் பார்க்கும் முன்பே மூடிக்கொள்கிறது. அப்படி என்னதான் செய்துவிட்டேன் என்று வீரம்மாவையே கேட்டாள். ராக்காயியோடு ஒரே தோட்டத்தில் கொழுந்து பறித்த வீரம்மா, பூரணியின் காலைப் பார்த்துச் சிரித்தாள். குளியலறை கழுவிய ரப்பர் பூட்ஸோடு அப்படியே வருவது பூரணியின் வழக்கம். மலையை மேற்பார்த்த கண்டாக்கையாவுக்கு வேலை நேரத்தில் வெற்றிலை போட்டால் ஆகாதாம். அவர் பூட்ஸ் சத்தம் கேட்டால் போதும், கொழுந்து பறிப்பவர்கள் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வாயை மூடிவிடுவார்களாம்.

பூரணி பூட்ஸை வெளியே கழற்றிப் போட்டாள். வெறுங்காலோடு வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள்.

“கண்டாக்கையா போயிட்டாரு அம்மாயி. துப்புங்க.”

ராக்காயி வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். கன்னத்துக்குள் பழைய சோற்று உருண்டை. அதன் அடியில் ஈறு புண்ணாகிச் சிவந்து கிடந்தது. இந்தப் புண்ணோடா நான் மல்லுக்கட்டினேன் என்று பூரணிக்கு அழுகை வந்தது. மெல்லிய பிரஷ்ஷை நனைத்து, நோகாமல் துடைத்துவிட்டாள்.

மருந்து தடவத் தடவப் புண் ஆறி, கஞ்சியும் இறங்கியது. ஆஸ்பத்திரிப் பேச்சு நின்றது.

ஒரு காலையில் வாய் துடைத்துக்கொண்டிருக்கும்போது வராந்தாவில் மேட்ரனின் சப்பாத்துக் காலடிச் சத்தம் கேட்டது. ராக்காயி சட்டென்று பூரணியின் வாயைப் பொத்தினாள்.

“ஐயா வாராரு. நீயும் ஒதுக்கிக்க.”

பூரணி இல்லாத வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். கிழவி சாப்பிட்டாளா என்று மேட்ரன் வந்து கேட்டதற்கு இருவருமே வாய் திறக்கவில்லை.