மூக்கில் இலை வைத்த விருந்தாளி

போன வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தது. கூப்பிடாமல்... தலைகீழாக!

விளக்கு வைக்கிற நேரம். வாசக்கதவைத் திறந்து வைத்து, கொல்லைக்கதவைச் சாத்திவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே வந்த லட்சுமி அந்த வழியாகப் போய்விடுவாளாம். என் மனைவியின் சட்டம். அவள் காலமாகி இரண்டு வருஷம். தல்லாகுளத்து வீட்டில் ஒற்றை ஆளாக நான் அதை இன்னும் தவறாமல் செய்கிறேன். அன்றைக்கு லட்சுமி வரவில்லை. வௌவால் வந்தது.

நேராகப் பின்கட்டு அறைக்குப் போய்க் கொக்கியில் தொங்கிக்கொண்டது. கைக்குள் அடங்குகிற உருவம். பயந்தேனா? இல்லை, சந்தோஷமாக இருந்தது. வீட்டில் இன்னொரு உயிர்! வந்தவர்களைப் பட்டினி போட்டுப் பழக்கமில்லை. கொய்யாப்பழத்தை நறுக்கித் தட்டில் வைத்தேன். கரண்ட் கட் முதல் முட்டிவலி வரை அதனிடம் பேசித் தீர்த்தேன்.

காலையில் பழம் அப்படியே இருந்தது. மாடியில் குடியிருக்கும் செல்வத்தைக் கூப்பிட்டேன். காலேஜில் விலங்கியல் வாத்தியார். தட்டைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, இது பூச்சி திங்கிற வௌவாலு. மூக்குல இலை கணக்கா மடிப்பு இருக்கு பாருங்க. இலைமூக்கு வௌவால்னு பேரு. மூக்கு வழியாத்தான் சத்தம் விடும். அது மோதித் திரும்பி வர்றதை வச்சுத்தான் இரை பிடிக்கும்."

அந்தச் சத்தம் நம் காதில் விழாதாம். அப்படியானால் அதுவும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது – தன் குரலே திரும்பி வருவதைக் கேட்டபடி. அட, இந்த வீட்டில் நானும் அதைத்தானே செய்கிறேன்?

செல்வம் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். முன்பெல்லாம் இதைக் குதிரைலாட வௌவாலோடு ஒரே குடும்பத்தில் சேர்த்திருந்தார்களாம். பிறகு தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்கள். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய இதன் முன்னோர்களின் எலும்புகள் ஐரோப்பாவில் கிடைக்கின்றன. இன்றைக்கு அங்கே உயிரோடு ஒன்றுகூடக் கிடையாது. என் மகன் அங்கேதான் இருக்கிறான். நன்றாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான்.

"இங்கனயே இருந்துட்டுப் போகட்டுமே தம்பி?" என்றேன்.

"செத்துப்போகும்ணே. ஜன்னல் பூரா கொசுவலை அடிச்சு வச்சிருக்கீங்க. உள்ள ஒரு பூச்சி இல்ல. இதுக அழகர்கோவில் பக்கம் பாறை இடுக்குல கூட்டமா இருக்கிற ஜாதி. ஒத்தையில எம்புட்டு நாள் தாங்கும்? சாயங்காலம் லைட்டை அணைச்சுட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து விடுங்க."

விளக்கு வைக்கிற நேரத்தில் கொல்லைக்கதவா! கை தயங்கியது. ஆனால் போகக்கூடாதவள் போயே விட்டாள்... இனி எந்தக் கதவைச் சாத்தி என்ன ஆகப்போகிறது? திறந்தேன்.

அறைக்குள் இரண்டு சுற்று. பிறகு விருட்டென்று தோட்டத்துப் பக்கம் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. ஒரு வௌவாலுக்காகவா என்று வெட்கமாகவும் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துச் செல்வம் எட்டிப் பார்த்தார்.

"அதான் போயிருச்சேண்ணே, இன்னும் கதவைத் திறந்தே போட்டிருக்கீங்க? கொசு வரும்ல?"

"வரட்டும் தம்பி. யாராவது வரட்டும்."