லிஃப்ட்காரரின் முன்கால்

ஐம்பத்து மூன்று வயது மனிதர் ஒருவர், நாலடி உயரச் சரிவின் உச்சியில், சக்கரம் வைத்த பலகையின் மேல் காலை வைத்துக்கொண்டு, இறங்கலாமா வேண்டாமா என்று மூன்று வருடம் யோசித்தார். சிரிப்பதற்கு ஆள் பஞ்சமில்லை. பெண்டாட்டியே முதல் ஆள். "விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டா பெட்பேன் எடுக்கப்போறது நான். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க" என்பாள். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். எதற்கும் முன்கூட்டியே ஒரு எச்சரிக்கையைக் கொடுத்து வைத்துவிடுகிற பழக்கம்.

அவரை லிஃப்ட்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். இருபத்தெட்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அந்தத் தொழிலில் சேர்ந்த முதல் நாளே மண்டையில் ஏற்றிவிடுகிற பாடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாடியிலும் இருக்கிற லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்க ஒரு முக்கோணச் சாவி கொடுப்பார்கள். சாவியைத் திருப்பியதும் கதவை நாலு விரல் அகலம்தான் திறக்க வேண்டும். ஒரு கை கதவுச் சட்டத்தைப் பிடித்திருக்க வேண்டும். உடம்பின் பாரம் முழுக்கப் பின்காலில் இருக்க வேண்டும். உள்ளே லிஃப்ட் பெட்டி நிற்கிறதா, இல்லை வெறும் குழியா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் முன்கால் நகரலாம். இந்த வரிசையைத் தவறவிட்ட இரண்டு பேரை அவருக்குத் தெரியும். இரண்டு பேரையும் அடக்கம் செய்த இடத்தில் நின்றுவிட்டு வந்திருக்கிறார்.

அப்படி நின்று நின்று அவருடைய உடம்பே பின்னால் சாய்ந்துவிட்டது. பஸ்ஸுக்கு நிற்கும்போதும் பின்கால், பல் தேய்க்கும்போதும் பின்கால். வேலையில் மேற்பார்வையாளர் பதவி தேடி வந்தபோது யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் யோசித்து முடிப்பதற்குள் வேறொருவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தேய்த்து, ஓய்வும் பெற்றுவிட்டான்.

பலகை வந்த கதை இது. ஒரு குடியிருப்பில் லிஃப்ட் கதவு மூடாமல் மக்கர் செய்தது. போய்ப் பார்த்தால், கதவு ஓடுகிற பள்ளத்தில் ஒரு ஸ்கேட்போர்டின் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தது. வீடு வீடாகக் கேட்டும் என்னுடையது என்று சொல்ல ஒருவரும் இல்லை. பட்டறைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். கனமான மோட்டாரை ஏற்றித் தள்ளுவதற்கு வசதியாக இருந்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் லிஃப்ட்காரர் சும்மா அதன் மேல் ஏறி நின்றார். பலகை ஒரு பக்கம் போயிற்று, அவர் ஒரு பக்கம் போனார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு.

அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவன் அவருடைய மச்சான். பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி, அவரைவிடப் பதினைந்து வயது இளையவன். வேலை வெட்டி இல்லாமல் திரிந்தவனை இந்தத் தொழிலுக்கு இழுத்து வந்தவரே அவர்தான். பதினொரு வருடமாக இருவரும் ஜோடி. ஒருவர் கதவைத் திறந்தால் மற்றவர் பின்னால் கருவிப் பையோடு நிற்பார். மச்சான் வாயாடி. ஆனால் வேலையில் கெட்டி.

"மாமா, பேரன் பேத்தி எடுக்கிற வயசுல இது தேவையா?" என்றான்.

"பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையேடா."

"அப்ப அவ கல்யாணத்துக்கு நீங்க கட்டோட வந்து நிக்கப்போறீங்க."

ஆனாலும் அவர் விடவில்லை. விளையாட்டுத் திடலை ஒட்டி ஸ்கேட் செய்வதற்கென்று சிமெண்டில் கட்டிய ஒரு பள்ளம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனால் வாண்டுகள் வருவதற்கு இரண்டு மணி நேரம் இருக்கும். கேலி செய்ய ஆள் இருக்காது. அங்கே அவரைப் போலவே கூச்சப்பட்டு விடியற்காலையில் வருகிற இன்னொரு ஜீவனும் இருந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற அம்மாள், வயது நாற்பத்து நாலு. லிஃப்ட்காரர் அவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். "நான் டாக்டர் இல்லண்ணா" என்று ஏழு வருடமாக அந்த அம்மாளும் திருத்திக்கொண்டே இருக்கிறார்.

அந்த ஏழு வருடத்தில் லிஃப்ட்காரர் சும்மா இல்லை. முன்சக்கரத்தைத் தூக்கி அரைவட்டம் திரும்பக் கற்றுக்கொண்டார். பலகையோடு சேர்ந்து ஒரு செங்கல் உயரம் எம்பக் கற்றுக்கொண்டார். அந்த ஒரு செங்கலுக்குப் பதினாலு மாதம் பிடித்தது. ஆனால் மேலே விளிம்பிலிருந்து பள்ளத்துக்குள் இறங்குவது மட்டும் நடக்கவில்லை. பலகையின் வாலை விளிம்பில் வைத்துப் பின்காலால் மிதித்துக்கொள்ள வேண்டும். முன்பாதி அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். பிறகு முன்காலை அதன் மேல் வைத்து, ஓங்கி ஒரே மிதி. உடம்பும் கூடவே முன்னால் சாய வேண்டும். கொஞ்சம் பின்வாங்கினாலும் பலகை தனியாக ஓடிவிடும், ஆள் பின்புறம் தரையில் அடிபட விழுவார். லிஃப்ட்காரர் அப்படி எத்தனையோ தடவை விழுந்துவிட்டார்.

"அண்ணா, உங்களுக்கு பயம் கூட இல்ல. கால் கேக்க மாட்டேங்குது. கடைசி நொடியில பின்னால போயிடுது" என்றார் டாக்டரம்மா.

"அது சோறு போடற கால்மா. எப்படிக் கேக்கும்?"

சொல்லிவிட்டாரே தவிர, மனதுக்குள் குமைந்தார். அவருக்கு அது வெறும் விளையாட்டாக இல்லை. ஆயுசு முழுக்க எட்டிப் பார்த்து, தொட்டுப் பார்த்து, உறுதி செய்துகொண்டே காலம் தள்ளியாயிற்று. செத்துப்போவதற்குள் ஒரே ஒரு தடவை, எதையும் பார்க்காமல் முன்காலை வைக்கத் தன்னால் முடியுமா? முடியாது என்றால் தான் என்ன மனிதன்? இதைப் பெண்டாட்டியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் வேறு எதையும் அவர் இந்த அளவுக்கு ஆசைப்பட்டதில்லை.

அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். காலைப் பழக்கினால்தானே கேட்கும்? சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு படி இருந்தது. தினமும் காலையில் ஐம்பது தடவை, மாலையில் ஐம்பது தடவை, கண்ணை நேராக வைத்துக்கொண்டு, கீழே பார்க்காமல், முன்காலை ஓங்கி மிதித்து இறங்கினார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அப்படி, நடைபாதையிலிருந்து இறங்கும்போது அப்படி. எண்ணிக்கொண்டே செய்தார்.

"வீட்டுக்குள்ள எதுக்கு அணிவகுப்பு? கீழ் வீட்டுக்காரங்க மேல வந்து கேக்கப்போறாங்க" என்றாள் பெண்டாட்டி.

"கேட்டா உடற்பயிற்சின்னு சொல்லு."

"பைத்தியம்னு சொன்னா சுருக்கமா முடியும்."

நாலு மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, லேசாக வெளிச்சம் வந்திருந்த நேரத்தில், அவர் விளிம்பில் வாலை வைத்தார். முன்காலை வைத்தார். வழக்கமாக ஒரு பத்து நிமிடம் நிற்பவர் அன்றைக்கு நிற்கவே இல்லை. கால் தானாக மிதித்தது. உடம்பும் கூடவே முன்னால் சாய்ந்தது. அடுத்த கணம் சக்கரம் சரிவில் கடகடவென்று ஓடி, தரையில் ஓடி, எதிர்ப்பக்கச் சரிவில் ஏறி நின்றது. அவரும் பலகை மேலேயே இருந்தார். டாக்டரம்மா கை தட்டினார். லிஃப்ட்காரர் அங்கேயே சிமெண்டில் உட்கார்ந்து, முகத்தைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு மட்டும் பதினேழு தடவை இறங்கினார். வீட்டுக்கு வந்தவர் பெண்டாட்டிக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுத்தார். அவள் சந்தேகமாகப் பார்த்தாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு ஒன்பது நாள்.

ஒன்பது நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை. ஏழு மாடி அலுவலகக் கட்டடம், ஐந்தாவது மாடி. பெட்டி மூன்றாவது மாடியில் நின்றிருந்தது. அதைச் சரியான மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதன் கூரை மேல் ஏற வேண்டும்; அது இருவருக்கும் தெரியும். லிஃப்ட்காரர் பேசிக்கொண்டே சாவியைத் திருப்பினார். பதினேழு தடவை இறங்கிய கதையைத்தான் மச்சானிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கதவு நாலு விரல் இல்லை, முழுசாகத் திறந்தது. கண் நேராக இருந்தது. முன்கால் போயிற்று. உடம்பும் கூடவே போயிற்று.

அங்கே தரை இல்லை.

மச்சான் கருவிப் பையைப் போட்டுவிட்டு வலது கையால் அவருடைய இடுப்பு வாரைப் பிடித்தான். இடது கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்தான். எண்பத்தைந்து கிலோ மனிதர் முழுசாகத் தொங்கினார். தோளில் ஏதோ அறுபடுகிற சத்தத்தை லிஃப்ட்காரர் குழிக்குள்ளிருந்தே கேட்டார். மச்சான் கத்தவில்லை. "காலை ஊனுங்க மாமா, இடது பக்கம் கம்பி இருக்கு" என்று மட்டும் சொன்னான். சுவரில் பதித்திருந்த கம்பிப் பட்டையில் காலை வைத்து அவர் மேலே ஏறினார். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

மச்சானுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. தைத்த தசைநார் பிடிக்கவில்லை. மறுபடி கிழித்துத் தைத்தார்கள். எட்டு மாதம் கழித்தும் வலது கை நெஞ்சுக்கு மேல் எழவில்லை. கையைத் தூக்க முடியாதவனுக்கு லிஃப்ட் வேலை கிடையாது. நிறுவனத்தில் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். இடது கையைத்தான் நீட்டினானாம்.

லிஃப்ட்காரரும் உருப்படவில்லை. திரும்ப வேலைக்குப் போன முதல் நாள், ஒரு கதவைத் திறந்துவிட்டு, உள்ளே பெட்டி நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகும், அவரால் கால் வைக்க முடியவில்லை. சட்டத்தைப் பிடித்த கையை இன்னொருவர் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. உதிரிபாகக் கிடங்கில் உட்கார வைத்தார்கள். காலையிலிருந்து மாலை வரை திருகாணிகளை அளவுவாரியாகப் பிரிப்பது வேலை.

வீட்டில் பெண்டாட்டி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. ஒரு மாதம் கழித்து, துணி மடித்துக்கொண்டே ஒரு தடவை பேசினாள். "அவன் விட்டிருந்தா நீங்க இருந்திருக்க மாட்டீங்க. அதை நினைச்சுதான் வாயை மூடிட்டு இருக்கேன். இல்லைன்னா நான் பேசற பேச்சே வேற."

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தான். அக்கா கொடுத்த காப்பியை இடது கையால் வாங்கிக் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, அந்தப் பலகையை இன்னும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான்.

"கட்டிலுக்கு அடியில கிடக்கு. எடுத்துப் போட்டுடறேன்."

"போட வேணாம். நாளைக்குக் காலைல எடுத்துட்டு வாங்க. நானும் வர்றேன். அப்படி என்னதான் அதுல இருக்குன்னு நான் ஒரு தடவை பார்க்கணும்."

"என்னால முடியாதுடா."

"பதினேழு தடவை இறங்கினேன்னு சொன்னீங்க. எனக்கு ஒரு தடவை காட்டுங்க. எதுக்குக் கை போச்சுன்னு தெரிஞ்சா கொஞ்சம் தூக்கம் வரும்."

அவன் குத்திக்காட்டவில்லை. அவன் குரலில் கோபமே இல்லை என்பதுதான் லிஃப்ட்காரருக்குத் தாங்கவில்லை. சரி என்றார்.

காலை ஆறு மணிக்கு மச்சான் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். டாக்டரம்மா விஷயம் புரிந்து தூரமாகப் போய்விட்டார். லிஃப்ட்காரர் மேலே ஏறி, விளிம்பில் வாலை வைத்துப் பின்காலால் மிதித்தார். முன்காலை எடுத்து அந்தரத்தில் நீட்டியிருந்த பாதியின் மேல் வைத்தார். கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்தார், பார்த்தார். இந்த ஒன்றையாவது இவனுக்குச் செய்துவிடு என்று காலிடம் கெஞ்சினார். கடன்பட்டவன் கெஞ்சுவது போலக்கூட இல்லை, பிள்ளையிடம் கெஞ்சுவது போல. பாரம் முழுக்கப் பின்காலில் போய் உட்கார்ந்துகொண்டது.

மச்சான் அவசரப்படுத்தவில்லை. வெயில் சரிவின் பாதி வரைக்கும் இறங்கி வந்தது. வாண்டுகள் இரண்டு மூன்று பேர் வந்து, ஓரமாக நின்று பார்த்தார்கள். எட்டு மணிக்கு லிஃப்ட்காரர் முன்காலை எடுத்துவிட்டு, பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு, பக்கவாட்டில் இருந்த படிகள் வழியாகக் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொன்றாக இறங்கினார். மச்சானின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முடியலடா. மன்னிச்சுக்கோ" என்றார்.

மச்சான் இடது கையைத் தரையில் ஊன்றி எழுந்து, பேண்ட்டின் பின்புறத் தூசியைத் தட்டினான்.

"பரவால்ல மாமா. அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றான். "எனக்கு ஒண்ணும் வேலை இல்லையே."