சிவப்புப் பந்தலில் காணாமல்போன பெயர்கள்

பிழைக்க வந்த வடநாட்டு ஊரான போபோடியில் எங்கள் அம்மன் கோயில் பால்குடத்துக்குப் பெயர் வாசிப்பது நான்தான். வரிசை தப்பினால் பெண்களுக்குள் வருஷம் முழுக்கப் பேச்சு நின்றுபோகும். அதனால் அது சின்ன வேலை இல்லை. முன்பெல்லாம் மனப்பாடமாகச் சொல்வேன். ஒரு வருஷம் ஒருத்தி பெயரை விட்டுவிட்டேன். அவள் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான், ஐம்பது வயதுக்கு மேல், நாள்காட்டித் தாளை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டப் பழகினேன். இந்தச் சித்திரைக்குச் சீட்டைப் பார்த்தே வாசிப்பேன் என்று தெருவெல்லாம் சொல்லியும் வைத்தேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

சீட்டு எழுதியவர் கோயில் செயலாளர். சாமி காரியத்துக்குக் கருப்பு மை ஆகாது என்று சிவப்புப் பேனாவால் வெள்ளைத் தாளில் எழுதி, மூலைக்கு மூலை மஞ்சள் தடவிக் கொடுத்தார். முதல் நாள் வீட்டில் மூன்று தடவை வாசித்துப் பார்த்தேன். ஒரு தடங்கலும் இல்லை.

அன்றைக்கு நல்ல வெயில். பந்தல்காரர் புதுச் சிவப்புத் துணியால் தெருவையே மூடியிருந்தார். பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். மைக்கைப் பிடித்துச் சீட்டை விரித்தேன். எழுத்தே இல்லை. திருப்பிப் பார்த்தேன், அந்தப் பக்கமும் இல்லை.

எதிர்வீட்டுக்காரி பத்தாவது படித்தவள். வரிசையிலிருந்தே கேட்டாள்: "என்னக்கா, சீட்டு தலைகீழா இருக்கா?"

ஒரே சிரிப்பு. "அரே, ஜல்தி சொல்லுக்கா, தலை கனக்குது" என்றாள் இன்னொருத்தி.

மனப்பாடமாகச் சொல்லியிருக்கலாம். பெயரெல்லாம் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒப்பிப்பதா? கண்தான் போய்விட்டதோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். முகம் தெரிந்தது, குங்குமத்தைக் காணோம். ஒருத்தி நெற்றியிலும் இல்லை. காலையில் என் கையால் வைத்துவிட்ட குங்குமம்!

மைக்கை வைத்துவிட்டு நிதானமாகப் பந்தலுக்கு வெளியே நடந்தேன். வெயிலில் எழுத்தெல்லாம் வந்து உட்கார்ந்திருந்தது. திரும்பி வந்து எதிர்வீட்டுக்காரியிடம் நீட்டினேன்.

"இந்தாம்மா பத்தாவது, நீ படி."

"அய்யய்யோ, வெறுந்தாளு!"

செயலாளர் ஓடி வந்தார். "அம்மன் சத்தியமா நான் எழுதினேம்மா!"

"எழுதுனீங்க. மையும் சிவப்பு, துணியும் சிவப்பு. துணி வழியா வர்ற வெளிச்சத்துல அது எப்படித் தெரியும்? இவளுங்க பொட்டே தெரியலை, பாருங்க."

அத்தனை பேரும் ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நெற்றியைத் தடவினார்கள்.

மறு வருஷம் சீட்டு பச்சை மைக்கு மாறியது; வேப்பிலை நிறம், அம்மனுக்கும் ஆகும், சிவப்புப் பந்தலுக்குள் கருகருவென்று தெரியவும் செய்தது. அது பிறகு. அன்றைக்கு எல்லாரையும் வெயிலுக்கு வரச் சொன்னேன். செருப்பில்லாத கால்கள். தார் ரோடு. நானோ எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்.

"யக்கா, கால் சுடுதுக்கா, சீக்கிரம்!"

"படிக்கத்தானே சொன்னீங்க? இரு."

எதிர்வீட்டுக்காரி பெயர் கடைசியில் இருந்தது. அதை இரண்டு தடவை வாசித்தேன்.