ஈரத்தில் ஒட்டும் பசை

பசைக்காரர் தன் தங்கைக்கு நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தார். அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அதுதான் அவரைக் குடைந்தது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். தெருவோரம் சாக்கு விரித்துச் செருப்பு ஒட்டத் தொடங்கி, யார் தயவும் இல்லாமல் பட்டறை வைத்தவர். "இந்த ஊர்ல பாதிப்பேரு என் பசை மேலதான் நடக்கிறான்" என்று மார்தட்டுவார். பொய்யும் இல்லை.

அந்தப் பட்டறையில் தோல் வெட்டியவர் தங்கையின் கணவர். ஒருநாள் பரணிலிருந்து தோல்கட்டு ஒன்றை இறக்கும்போது ஏணியோடு சரிந்து, மேசை முனையில் விழுந்தார். வெளியே கீறல்கூட இல்லை. உள்ளே ஈரல் கிழிந்திருந்தது.

"தையல் மட்டும் போதாதுங்க. காயத்து மேல ஒட்டற பட்டை ஒண்ணு இருக்கு, பசை தடவினது. உடனே வாங்கிட்டு வாங்க" என்று டாக்டர் சீட்டை நீட்டினார். தங்கை அண்ணனைப் பார்த்தாள். பணம் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

"ஈரத்துல எந்தப் பசைம்மா ஒட்டும்? எனக்கே பசைக் கதை சொல்றாரு! தைச்சாப் போதும்."

"அண்ணே, அவரு டாக்டரு."

"நான் பசைக்காரன்."

அவள் அழுததால் கிளம்பினார். மருந்துக்கடை வாசல்வரை போய், பக்கத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பி, "சரக்கு இல்லையாம்" என்றார்.

வேறு வழியின்றித் தைத்தார்கள். நனைந்த ரொட்டியைத் தைத்தாற்போல நூல் ஈரலை அறுத்துக்கொண்டு வந்தது. மறுநாளே மறுபடி ரத்தம், மறுபடி கத்தி. இந்தமுறை தங்கை அண்ணனிடம் கேட்காமல் வளையல்களை நாற்பதாயிரத்துக்கு விற்று, அதே கடையில் பட்டையை வாங்கிவந்தாள். ரத்தம் நின்றது.

"எப்படிங்க ஒட்டிச்சு?" என்று பசைக்காரர் பிறகு டாக்டரிடம் மெல்லக் கேட்டார்.

"அதுக்கு ஈரம்தாங்க வேணும். ரத்தம் பட்டதும் உறைஞ்சு பிடிச்சுக்கும்."

அன்றிலிருந்து பசை டப்பாவைத் திறந்தாலே அவருக்கு அந்த மருந்துக்கடை வாசல் நினைவுக்கு வந்தது. ஒரு மாதம் தாங்கினார். பிறகு தங்கை வீட்டுப் படியேறினார்.

"வாங்க மச்சான்! என்னையும் ஒட்டிட்டாங்க, இனிமே நானும் உங்க சரக்குதான்" என்று கட்டிலில் இருந்தவர் சிரித்தார்.

பசைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்களுக்குக் கூலி போடும் பழக்கத்தில் பணக்கட்டை மேசைமேல் போட்டார். "வளையல் வாங்கிக்கம்மா."

"எதுக்குண்ணே?"

"கடையில சரக்கு இருந்திச்சு. நான் உள்ள போயிக் கேக்கவே இல்ல."

கட்டிலில் சிரிப்பு நின்றது. தங்கையின் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"தெரியும்ணே. கடைக்காரரே சொன்னாரு. நீயா சொல்றியான்னுதான் பாத்தேன்." பணக்கட்டை எடுத்து அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். "பிச்சை மாதிரி போடாத. எண்ணிக் குடு."

உள்ளங்கையை நீட்டினாள். வளையல் இல்லாத கை. காய்ந்த பசை படிந்த விரல்களில் நோட்டுகள் ஒட்டி ஒட்டி வந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து, வாய்விட்டு எண்ணி, அந்தக் கையில் வைத்தார்.