மாடியிலிருந்து இறங்கிய நீலம்

சித்தி சென்னையில் ஓர் ஓவியக் கூடத்தில் க்யூரேட்டர். எந்தப் படம் உள்ளே வரும், எந்தச் சுவரில் தொங்கும் என்பதெல்லாம் அவர் கையில். லீவு நாட்களில் திருத்தணி வீட்டு மாடி அறையில் அவரும் வரைவார். உருவமே இல்லாத படங்கள். வீசி, வழித்து, சுரண்டி எழுப்பிய நிறங்கள் மட்டும். அவற்றில் ஒன்றைக்கூடத் தன் கண்காட்சியில் வைத்ததில்லை. "நானே வரைஞ்சு நானே எடுத்துக்கினா எந்த ஊரு நியாயம்?" என்பார்.

நான் விடுவேனா? கல்லூரி முடித்த கையோடு அவருக்கு உதவியாகச் சேர்ந்தவள், அந்தப் படங்களில் முழுக்க நீலமான ஒன்றுக்காக, சென்னைக்குப் போய்வரும் ரயிலில் தினமும் நச்சரித்தேன். கடைசியில் ஒருநாள், "சரி, எடுத்துக்கினு போய் மத்ததோட வச்சுப் பாக்கலாம்" என்றார்.

குட்டியானை வண்டி வந்து தெருவில் நின்ற பிறகுதான் தெரிந்தது, படம் படிக்கட்டில் திரும்பாது. மாடியிலேயே சட்டம் அடித்து, மாடியிலேயே வரைந்தது. சுருட்டினால் கெட்டிச் சாயம் வெடித்துவிடும்.

அப்பா வைக்கோல் கட்டும் கயிற்றோடு வந்தார். "இன்னாமா, படம்னு சொன்னே, பந்தல் கணக்கா கீது."

"மெதுவா எறக்குங்க பாவா. கேலி அப்புறம் பண்ணலாம்" என்றார் சித்தி. அப்பாவை அவர் பாவா என்றுதான் கூப்பிடுவார்.

அப்பாவும் வண்டிக்காரரும் மொட்டைமாடியிலிருந்து கயிற்றை விட்டார்கள். நானும் சித்தியும் தெருவில் நின்றோம். மலைமேல் பனி இன்னும் கலையவில்லை. அந்த வெளுப்பில் நீலம் அசைந்தசைந்து இறங்கியது. ஒயர்கள், காயப்போட்ட புடவைகள், தெரு எல்லாமே ஒரு நிமிஷம் தண்ணீருக்கு அடியில் போய்விட்டதுபோல் இருந்தது.

சித்தி பின்னாலேயே நடந்து எதிர்வீட்டுச் சுவரில் முதுகு முட்ட நின்றுவிட்டார். மாடி அறை சின்னது. மாதக்கணக்கில் மூக்கு உரசப் பார்த்த படத்தை இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறார் என்று எனக்கு உறைத்தது. பயமாகவும் இருந்தது. மற்றவர்கள் வரைந்த படத்தை வேண்டாம் என்று ஒதுக்குவதற்கு முன்னால் அவருக்கு வருகிற அதே முகம்.

"எறக்கிடட்டா?" என்றார் அப்பா.

"அங்கயே கொஞ்சம் புடிங்க பாவா."

"ஆங், புடிச்சுகினுதான் கீறேன். நாளைக்கு வரைக்குமா?"

 சித்தி, யாரோ முன்பின் தெரியாதவரைப் பற்றிப் பேசுவதுபோல் என்னிடம் மெல்லச் சொன்னார்: "இத வெளியாளு கொணாந்திருந்தா எடுத்திருப்பேன்."



"எறக்குங்க பாவா" என்றார். படத்தை ஏற்றிக் கட்டியதும் வண்டிக்காரர் சித்திக்காக முன்கதவைத் திறந்தார். சித்தி பின்னால் ஏறி, சட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.