கரும்புள்ளி நகர்ந்ததைக் கண்ட பாஸிலா

திண்டுக்கல்லில் ஒரு ஸ்கேன் சென்டரில் பாஸிலா பதினோரு வருடமாக எம்.ஆர்.ஐ. எடுக்கிறார். படம் எடுப்பது மட்டும்தான் அவர் வேலை. ரிப்போர்ட் டாக்டர் எழுதுவார். ஆனாலும் ஒரு முழங்காலை ஒருமுறை படம் பிடித்துவிட்டால், அடுத்த முறை அதே மடக்கில் வைக்காவிட்டால் அவருக்கு மனசு ஆறாது. அதற்காகவே ஆளுக்கொரு நுரைப்பஞ்சு அணை வெட்டி, பேர் எழுதி வைத்திருப்பார்.

போன வருடம் மூட்டு ஆராய்ச்சிக் குழு ஒன்று தன் நோயாளிகளை அங்கே அனுப்பியது. கீரனூர் விவசாயி சோலைமலை அவர்களில் ஒருவர். அவருடைய எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்து வளர்த்து, தேய்ந்த முழங்கால் குருத்தெலும்பில் வைத்திருந்தார்கள். உள்ளே போன செல்கள் எங்கே இருக்கின்றன என்று கீறாமல் குத்தாமல் பார்க்க வேண்டும். அதற்காக முன்கூட்டியே அவற்றுக்குள் நுண்ணிய இரும்புத் துகள்களை ஏற்றியிருந்தார்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த இடம் கரும்புள்ளியாகத் தெரியும்.

மூன்றாம் மாதமும் புள்ளி தெரிந்ததில், செல் பிழைத்திருக்கிறது என்று குழுவுக்குச் சந்தோஷம். சோலைமலைக்கு வலியும் குறைந்திருந்தது.

பாஸிலாவுக்குத்தான் உறுத்தியது. மூன்று மாதப் படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். புள்ளி குருத்தெலும்பை விட்டு மூட்டின் உள்சவ்வுக்கு நகர்ந்திருந்தது. செல் செத்தாலும் இரும்பு அழியாது, உடம்பில் குப்பை அள்ளும் செல்கள் அதை விழுங்கிக்கொண்டு போய்விடும் என்று பயிற்சியில் கேட்டிருந்தார். குழுவின் டாக்டர் ஸ்டீபன்ராஜுக்குப் போன் செய்தார்.

“கால் கொஞ்சம் அசைஞ்சிருக்கும்மா.”

“இல்ல சார், அதே அணைதான். வேணும்னா திரும்ப எடுத்துத் தாரேன்.”

சோலைமலை மறுபடி பஸ் ஏறி வந்து முக்கால் மணி நேரம் அசையாமல் படுத்திருந்தார். புள்ளி சவ்வில்தான் இருந்தது. குருத்தெலும்பில் தேய்ந்த பள்ளமும் நிரம்பவில்லை. மற்ற நோயாளிகளின் படங்களைப் புரட்டியபோது இன்னும் இரண்டு பேருக்கு அதே கதை. ஸ்டீபன்ராஜ் நேரில் வந்து சோலைமலையிடம் விஷயத்தைச் சொன்னார்.

சோலைமலை பாஸிலாவைப் பார்த்தார். “வெச்சது போயிருச்சுங்களா அம்மிணி? வலி கொறஞ்சிருக்குதுங்களே.”

டாக்டரை மறுத்துப் பேசியதைவிட இதற்குப் பதில் சொல்வதுதான் பாஸிலாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

“வலி குறைஞ்சது நெசந்தாங்கய்யா. நீங்க செய்ற கால் பயிற்சியால இருக்கலாம். ஆனா அந்த செல் அங்க உசுரோட இருக்கிற மாதிரி தெரியல.”

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார். “இன்னும் எத்தன ஸ்கேன் பாக்கி இருக்குதுங்க?”

“மூணு. இஷ்டம் இருந்தா வந்தாப் போதும்.”

“வாரனுங்க. போயிருச்சுன்னு தெரிஞ்சாத்தானுங்க அடுத்த ஆளுக்கு வேற மாதிரி வெப்பாங்க.”

மூன்றுக்கும் வந்தார். பயிற்சியையும் விடவில்லை; மெதுவாகத் தென்னந்தோப்பு வரை நடக்கிறார்.

புள்ளி தெரிந்தாலே செல் பிழைத்திருக்கிறது என்று கணக்கில் எடுப்பதைக் குழு நிறுத்தியது. பள்ளம் நிரம்புகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மற்ற ஊர் டெக்னீஷியன்களுக்கு முழங்காலை வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க பாஸிலா ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருகிறார். புதுப் படம் வந்தால், ரிப்போர்ட் எழுத உட்காருவதற்கு முன் ஸ்டீபன்ராஜ் அவரைப் போனில் கூப்பிடுகிறார்.